பேச்சுத் துறைக்குத் தலைவர் யார்?

இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

சென்ற ஆண்டு நம் கல்லூரிப் பேரவை நடத்திய சொற்போர் உங்களுள் பலருக்கு நினைவிருக்கலாம். “தலைமைக்கு முதல் தகுதி படிப்பறிவா, பட்டறிவா?” என்பது தலைப்பு. பட்டறிவே என்னும் அணியில் நான்காவதாகப் பேச நான் பெயர் கொடுத்திருந்தேன். நண்பர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கேட்கவில்லை, மேடையேறினேன். “அவைத்தலைவர் அவர்களே” என்று தொடங்க வேண்டும். எழுத்துக்கெல்லாம் முதல் எனப் பெருமை பெற்ற அந்த அகரம் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் சிலர் கை தட்டினர். அன்பினால்தான் தட்டினர் என்று நம்புகிறேன். அவைத்தலைவரைக் கடந்து நடுவரை எட்டுவதற்குள் முதல் மணி அடித்தது. வாதத்தின் முதல் வாக்கியம் முடியுமுன் இரண்டாம் மணியும் அடித்தது. இறங்கி வந்துவிட்டேன்.

அன்று பேச முடியாததை இவ்வாண்டு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று மலர்ப் பொறுப்பாசிரியர் ஐயாவிடம் கேட்டேன். “எழுது, ஆனால் எட்டுப் பக்கத்துக்கு மேல் போகாதே” என்றார். எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. என் வாதத்துக்குத் தூணாக நான் நிறுத்தி வைத்திருந்தவர் ஒரே ஒரு மனிதர். அவரைப் பற்றி மேலும் படிக்கப் படிக்கத் தூண் ஆட்டங்கண்டது. அன்று நான் தங்குதடையின்றிப் பேசியிருந்தால், தங்குதடையின்றித் தவறாகப் பேசியிருப்பேன். மணி அடித்த தோழருக்கு என் நன்றி உரித்தாகுக.

அந்த மனிதரின் பெயர் வெண்டல் ஜான்சன். அமெரிக்க நாட்டின் அயோவா பல்கலைக்கழகத்தில் பேச்சு நோயியல் துறையை வளர்த்தவர். அவரும் என்னைப் போலத் திக்குவாயர். அவரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர், அரசு மருத்துவமனையில் வியாழக்கிழமைதோறும் எனக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் அம்மையார். “எங்க துறையை வளர்த்த பெரியவங்க பல பேர் உங்களை மாதிரி திக்கிப் பேசினவங்கதான் தம்பி” என்றார் ஒருநாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக மூன்று பேருந்து மாறிப் போனது வீண் போகவில்லை என்று எண்ணியபடி வீடு திரும்பினேன்.

பேச்சு நோயியல் என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். ‘ஸ்பீச் தெரபி’ என்றால் பலருக்கும் விளங்கும். திக்குவாய் மட்டுமே அதன் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். பக்கவாதத்தால் சொல் மறந்த முதியவர், குரல்வளைப் புற்றுநோய்க்கு அறுவை செய்து குரலிழந்தவர், பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த குழந்தை, மூன்று வயதாகியும் ‘அம்மா’ என்று அழைக்காத பிள்ளை, உணவை விழுங்க இயலாத நோயாளி ஆகிய அனைவரும் அத்துறையின் கதவைத்தான் தட்டுகிறார்கள். நம் நாட்டில் இதற்கென்றே மைசூரில் 1960களிலேயே மைய அரசு ஓர் அனைத்திந்திய நிறுவனத்தைத் தொடங்கியது. ஆயினும் நம் ஊர்களில் இன்றும் திக்குவாய் என்றால் முதலில் வருவது கூழாங்கல்தான். கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸ் வாயில் கல்லை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்துப் பேசினாராம். அந்தக் கதையைப் படித்துவிட்டு என் வாயில் கல்லைப் போட்ட உறவினர் மட்டும் மூவர். கடல் எங்கள் ஊரில் இல்லாமையால் கண்மாயைப் பார்த்துப் பேசினேன். பாட்டி தன் பங்குக்கு வசம்பைச் சுட்டு நாவில் தடவினாள். கல்லைவிட வசம்பு தேவலாம்.

இனி அயோவாவுக்கு வருவோம். அப்பல்கலைக்கழகத்தில் பட்ட மேற்படிப்புக்குத் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் கார்ல் சீஷோர் என்னும் உளவியலறிஞர். பேச்சுக் குறை என்பது மருத்துவர் ஒருவரால் மட்டுமோ, உளவியலார் ஒருவரால் மட்டுமோ, சொற்பயிற்சி ஆசிரியர் ஒருவரால் மட்டுமோ விளங்கிக்கொள்ளக் கூடியதன்று; பல துறையும் கற்ற புதுவகை அறிஞர் ஒருவரை உருவாக்க வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். அவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டவர் லீ எட்வர்ட் டிராவிஸ். அவர் 1924 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பல்கலைக்கழகப் பேச்சு மருத்துவ நிலையத்தின் முதல் இயக்குநரானார். மூளையின் இரு பாதிகளுள் எது ஆள்வது என்ற போட்டியில்தான் திக்கல் பிறக்கிறது என்பது அங்கே அன்று நிலவிய கொள்கை.

கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூரில் 1906 இல் பிறந்த ஜான்சன், தம் திக்கலுக்கு மருந்து தேடி அந்த நிலையத்துக்குத்தான் வந்தார். நோயாளியாக வந்தவர் மாணவரானார். மாணவராக இருந்தவர் ஆய்வாளரானார். கொள்கைக்கு ஏற்ப அவருடைய வலக்கையைக் கட்டுப் போட்டு முடக்கி, இடக்கையால் எல்லாம் செய்யப் பழக்கினர். திக்கல் போகவில்லை. 1930 இல், தாம் திக்குவதைப் பற்றியே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். எவ்வளவு துணிவு பாருங்கள்! சென்ற ஆண்டு என் உரையில் இந்த இடத்தில் கைதட்டல் எழும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கட்டுப் போட்ட கை அவரை வேறு திசையில் சிந்திக்கத் தூண்டியது. குறை மூளையில் இல்லை என்றால் எங்கே இருக்கிறது? தம் குழந்தைப் பருவத்தை நினைத்துப் பார்த்தார். சிறு பிள்ளையாக இருக்கையில், இவன் திக்கத் தொடங்குகிறான் என்று ஓர் ஆசிரியர் அவருடைய பெற்றோரிடம் சொன்னார். அதுவரை எல்லாக் குழந்தைகளையும்போலத் தட்டித் தடுமாறிப் பேசியவன், அந்தச் சொல் விழுந்த பிறகு தன் பேச்சைக் கண்டு தானே அஞ்சத் தொடங்கினான். ஆகவே நோய் குழந்தையிடம் இல்லை. ‘நீ திக்குகிறாய்’ என்று பெயர் சூட்டுபவரிடமே இருக்கிறது. பெயர் சூட்டலே நோயை விளைவிக்கிறது. இதுவே ஜான்சனின் கொள்கை.

இதைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. என் கதையே அச்சாகியிருப்பதாகத் தோன்றியது. நான்காம் வகுப்பில் படித்தபோது எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்காக அதிகாரி ஒருவர் வந்தார். வரிசையாக ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொன்னார். என் முறை வந்தது. நான் எழுந்து புத்தகத்தைப் பிரிப்பதற்குள் எங்கள் ஆசிரியர், “ஐயா, அவன் திக்குவாய், அவனை விட்டுவிடுங்கள்” என்றார். பரிவோடுதான் சொன்னார். அதிகாரியும் பரிவோடு விட்டுவிட்டார். அன்று முதல் பள்ளி முடியும்வரை எந்த ஆசிரியரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. நண்பர்கள் என் பெயரை விட்டுவிட்டுத் ‘திக்கு’ என்றழைத்தனர். ‘எந்தத் திக்கு? வடக்கா, தெற்கா?’ என்று ஒரு நகைச்சுவையும் உண்டு. அதற்கு நானும் சிரிப்பேன். ஆகவே ஜான்சன் சொன்னதை ஏற்க எனக்குச் சான்று தேவைப்படவில்லை. பட்டவன் பட்டவனை நம்பினான். பட்டறிவு என்பதன் ஆற்றலும் அபாயமும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கொள்கையைச் சோதித்துப் பார்க்க ஜான்சன் விரும்பினார். 1939 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், மேரி டியூடர் என்னும் இளம் முதுகலை மாணவி, அவருடைய நெறியாள்கையில் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். டேவன்போர்ட் என்னும் நகரிலிருந்த அநாதை விடுதியின் குழந்தைகள் 22 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் பத்துப் பேர் திக்குவாயர் என்று முன்பே பெயர் பெற்றவர்கள். மற்றப் பன்னிரண்டு பேரும் நன்றாகப் பேசியவர்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஆறு பேரைத் தனியே அழைத்து, உனக்குத் திக்குவாயின் அறிகுறிகள் இருக்கின்றன, சரியாகப் பேச முடிந்தாலன்றி வாய் திறக்காதே என்ற பொருள்பட அறிவுரை சொன்னார் டியூடர். விடுதியின் ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் அவ்வாறே சொல்லப்பட்டது. இது ஒரு சோதனை என்பது குழந்தைகளுக்குத் தெரியாது. கேட்பதற்குத் தாய் தந்தையர் இல்லை. அல்லது அருகில் இல்லை.

சில மாதங்களில் குழந்தைகள் மாறினர். வாயாடிகளாக இருந்தவர்கள் வாயடைத்தனர். ஓரிரு சொல்லில் விடை சொல்லி நிறுத்திக்கொண்டனர். கையால் வாயைப் பொத்திக்கொண்டனர். சிலருடைய படிப்பும் தாழ்ந்தது. சோதனை முடிந்தபின் டியூடர் மனம் பொறாமல் திரும்பிச் சென்று, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் தேற்ற முயன்றார். ஆய்வேடு பட்டத்துக்காக ஒப்படைக்கப்பட்டு நூலகத்தின் அடுக்கில் ஏறியது. ஆய்விதழ் எதிலும் அது வரவில்லை. அங்கிருந்த சக ஆய்வாளர்கள் தமக்குள் அதற்கு ‘அரக்க ஆய்வு’ என்று பெயர் வைத்திருந்தனராம்.

நான் கூர்ந்து நோக்கச் சொல்வது இதற்குப் பின் நடந்ததைத்தான். ஆய்வு நடந்தபோது ஜான்சன் அந்நிலையத்தின் இயக்குநர் அல்லர், வளர்ந்துவரும் ஆசிரியர். 1943 இல் இயக்குநரானார். 1955 வரை அப்பொறுப்பில் இருந்தார். இடையில் அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் சங்கத்தின் தலைவருமானார். 1946 இலும் 1959 இலும் புகழ்பெற்ற நூல்களை வெளியிட்டார். திக்குவாய் பெற்றோரின் செவியில் தொடங்குகிறது என்னும் அவருடைய கருத்து உலகெங்கும் பரவியது. 1965 இல் அவர் மறைந்தார். அந்தக் கொள்கையை நேரடியாகச் சோதித்த ஒரே ஆய்வு தம்முடைய நெறியாள்கையிலேயே நடந்ததை அவர் உலகுக்கு எடுத்துச் சொல்லவேயில்லை. போர்க்காலத்தில் நாசிகளின் கொடுஞ்சோதனைகளோடு ஒப்பிடுவார்களோ என்னும் அச்சமே காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். பிற்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகம் தன் பேச்சு, செவித்திறன் கட்டடத்துக்கு அவர் பெயரையே சூட்டியது. மாணவியின் பெயர் ஆய்வேட்டின் முகப்பில் நின்றது. நெறியாளரின் பெயர் கட்டடத்தின் முகப்பில் ஏறியது. நெறியாளர்களாக விளங்கும் நம் பேராசிரியப் பெருமக்கள் இவ்வரியைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2001 இல் ஒரு செய்தித்தாள் இதைத் தோண்டி எடுத்தது. அப்போதுதான், தாம் எதற்கு உட்படுத்தப்பட்டோம் என்பது முதுமை எய்திவிட்ட அந்தக் குழந்தைகளுக்கே தெரிந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் தம் நாவைத் தாமே நொந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். பல்கலைக்கழகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. வழக்கு நடந்தது. 2007 இல் அயோவா மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீடு கொடுக்க இசைந்தது. இறந்துபோனவர்களின் பங்கு வாரிசுகளுக்குப் போயிற்று.

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு கொடுமைக் கதை, அவ்வளவே. ஆனால் 2002 இல் யைரி, அம்புரோஸ் என்னும் இரு பேராசிரியர்கள் டியூடரின் ஆய்வேட்டை எடுத்து அதன் எண்களை மறுபடியும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். அவர்கள் கண்ட முடிவு வியப்புக்குரியது. அந்த ஆறு குழந்தைகளும் அஞ்சினர், ஒடுங்கினர். ஆனால் திக்குவாயர் ஆகவில்லை! பெயர் சூட்டலால் திக்கல் பிறக்கும் என்னும் கொள்கைக்கு அந்த ஆய்வில் ஆதாரமில்லை என்றனர்.

தோழர்களே, இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். ஏனெனில் என் தாயின் நினைவு வந்தது. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, “பிள்ளையை நீ அதட்டி அதட்டிப் பேச வைத்ததால்தான் இப்படி ஆயிற்று” என்று படித்தவர் ஒருவர் அவளிடம் சொல்லிவிட்டார். அவர் எங்கே படித்தாரோ, யாரிடம் கேட்டாரோ, அறியேன். என் தாய்க்கு அயோவாவும் தெரியாது, ஜான்சனும் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைப் பதினான்கு ஆண்டுகளாக மடியில் நெருப்பாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் எங்கேயாவது சொல்லுக்குத் திணறினால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். என் சித்தப்பா ஒருவர் திக்குவாயர். தந்தைவழிப் பாட்டனாரும் அப்படித்தான் என்பார்கள். திக்கல் குடும்பங்களில் தொடர்ந்து வருவது என்பது இன்று தெளிவாகத் தெரிந்த செய்தி. பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராயத் தொடங்கிய அறிவியலார் 2010 இல் அதற்குத் தொடர்புடைய மரபணுக்களையே சுட்டிக்காட்டினர். திக்கத் தொடங்கும் சிறு குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சில ஆண்டுகளில் தாமே தேறிவிடுகின்றனர் என்பதையும் அதே யைரியும் அம்புரோசும் பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து நிறுவினர். இத்தனையும் தெரிந்த பிறகு சென்ற பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது தாயிடம் விளக்கிச் சொன்னேன். எழுத்து எழுத்தாகத் திக்கித்தான் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “அப்ப அந்த மனுசன் ஏன் அப்படிச் சொன்னாரு?” என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டியூடரின் ஆய்வில் கிடைத்தது இன்னது என்று ஜான்சன் தம் தலைமைப் பதவிக் காலத்தில் வெளியிட்டிருந்தால், அவருக்கு இழிவு வந்திருக்கும். அவருடைய கொள்கையும் தளர்ந்திருக்கும். ஆனால் உலகெங்கும் எத்தனையோ தாய்மார் தம்மைத் தாமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ளாமல் தப்பியிருப்பர். ஆறு குழந்தைகளுக்குச் செய்தது முதல் தவறு. அதை மறைத்தது இரண்டாம் தவறு. இரண்டாவதே பெரிது என்கிறேன் நான். முதல் தவறைச் செய்தபோது அவர் வெறும் ஆசிரியர். இரண்டாம் தவறை ஆண்டுதோறும் செய்தபோது அவர் தலைவர்.

மற்றத் துறைத் தலைவர்களுக்கும் பேச்சு நோயியல் துறைத் தலைவருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். எங்கள் வரலாற்றுத் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். களப்பிரர் காலத்தைப் பற்றித் தலைவர் ஒருவர் தவறான கொள்கையைப் பற்றிக்கொண்டால் களப்பிரர் எழுந்து வந்து அழப்போவதில்லை. நாங்களும் தவறாக எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கி, விடுமுறையில் மறந்துவிடுவோம். பேச்சுத் துறையிலோ வகுப்பறையும் மருத்துவ நிலையமும் ஆய்வுக்கூடமும் ஒரே தாழ்வாரத்தில் இருக்கின்றன. தலைவர் காலையில் வகுப்பில் சொன்ன கருத்தைப் பயிற்சி மாணவி பகலில் ஒரு தாயிடம் சொல்கிறாள். தாய் மாலையில் அதை வீட்டில் நடைமுறைப்படுத்துகிறாள். அதே குழந்தை ஒரு வாரம் நோயாளி, மறு வாரம் மாணவியின் பாடம், அதற்கடுத்த வாரம் ஆய்வேட்டில் ஓர் எண். மூன்று நிலைக்கும் கையெழுத்திடுபவர் ஒருவரே. மேலும், அந்தத் துறையின் நோயாளிகள் எத்தகையோர்? தமக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்ல முடியாதவர்கள்! பேச முடியாதவரின் முறையீடு யார் காதில் விழும்? வள்ளுவர் சொல்வன்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். சொல்ல இயலாதவருக்குத் தலைமை தாங்குபவருக்கென ஓர் அதிகாரம் வகுத்தாரில்லையே என்று நான் சில நேரம் அவரோடு பிணங்குவதுண்டு.

பட்டறிவு உடையவரே தலைவராக வேண்டும் என்று சொல்ல வந்தவன் நான். அதை முற்றும் கைவிட்டுவிடவில்லை. திக்குபவன் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை கடிகாரத்தைப் பாராமல் காத்திருக்க, தானும் திக்கியவனுக்கே எளிதில் வரும். ஆனால் ஜான்சனைக் கெடுத்ததும் அந்தப் பட்டறிவுதான் என்பேன். தம் வாழ்வில் தமக்கு நேர்ந்த ஒன்றை உலகத்துக்கே விதியாக்கினார். அந்த விதி பொய்க்கலாம் என்று சோதனை சொன்னபோது, தம் துயரத்தையே பொய்யென்று சொன்னதாக அவருக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ. நான் அவரிடத்தில் இருந்திருந்தால் ஆய்வேட்டை வெளியிட்டிருப்பேனா? நான்காம் வகுப்பு ஆசிரியரின் மேல் எனக்கிருந்த சினத்தை எண்ணிப் பார்த்தால் ஐயமாகத்தான் இருக்கிறது.

ஜான்சனோடு அதே அயோவாவில் பயின்ற மற்றொரு திக்குவாயர் சார்ல்ஸ் வான் ரைப்பர். பேசுவதற்கு அஞ்சி, ஊமை போல நடித்து ஒரு பண்ணையில் கூலிவேலை செய்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் 1936 இல் மிச்சிகன் மாநிலத்துக் கல்லூரி ஒன்றுக்குச் சென்று ஒரு பேச்சு நிலையத்தைத் தொடங்கி, அதன் தலைவராக நெடுங்காலம் இருந்தார். ஆண்டுதோறும் சிகிச்சை முறையைச் சிறிது மாற்றிப் பார்ப்பார். பயன் நின்றதா, சில ஆண்டுகளில் போயிற்றா என்று பழைய நோயாளிகளைத் தேடிப் பிடித்துக் கேட்பார். இவ்வாறு இருபது ஆண்டுகள் செய்தவற்றை, தோற்றவை எவை என்பதையும் சேர்த்து, 1958 இல் வெளியான ஒரு தொகுப்பு நூலில் ஆண்டு வரிசையாக எழுதினார். திக்கவே கூடாது என்று போராடாதே, எளிதாகத் திக்கக் கற்றுக்கொள் என்பது அவர் வழி. வியாழக்கிழமைகளில் எனக்குக் கிடைப்பதும் அதில் ஒரு பங்கே. அந்த அம்மையார் என்னை வேண்டுமென்றே திக்கச் சொல்வார். முதல்நாள் எனக்குக் கோபமே வந்தது. இருவருமே பட்டவர்கள், இருவருமே படித்தவர்கள். தன் தோல்வியைத் தானே அச்சேற்றும் மனம் ஒருவருக்கு வாய்த்தது; மற்றவருக்கு, அந்த ஓரிடத்தில், வாய்க்கவில்லை. ஆகவே படிப்பறிவா, பட்டறிவா என்ற நம் தலைப்பே சரியில்லை என்பது என் தாழ்மையான எண்ணம். தலைப்பு வைத்த தமிழ்த்துறைப் பேராசிரியர் என்னை மன்னிப்பாராக.

“அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது, இன்றைய கோலால் அன்றைய மனிதரை அளக்கலாமா?” என்று விடுதி நண்பர் ஒருவர் வாதிட்டார். நேர்மையான கேள்வி. மனிதரை வைத்துச் செய்யும் சோதனைக்கு அவருடைய விருப்பம் தேவை என்று நூரம்பர்க் தீர்ப்பு உரக்கச் சொன்னது 1947 இல்தான். ஆனால் 1939 இலேயே உடனிருந்தவர்கள் அதற்கு அரக்கன் பெயர் வைத்தார்கள் என்றால், அளவுகோல் அன்றும் இருந்தது என்பதுதானே பொருள்? மேலும் 1947 க்குப் பிறகும் ஜான்சனுக்குப் பதினெட்டு ஆண்டுகள் வாழ்வு இருந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் டேவன்போர்ட்டுக்கு ஒரு கடிதம் போட நேரம் இல்லாமலா போயிற்று?

அதே வேளை அவரை அரக்கன் என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. திக்குபவன் மூளை கெட்டவன் அல்லன், நாணி ஒளிய வேண்டியவன் அல்லன் என்று உலகறியச் சொன்னவர்களுள் அவரும் ஒருவர். அவர் பயிற்றுவித்த மாணவர்கள் அமெரிக்கா எங்கும் சென்று நிலையங்களை நடத்தினார்கள். அவருடைய கொள்கையைத் திருத்திய யைரியும் அதே அயோவாவில் பட்டம் பெற்றவரே.

நம் நாட்டுக்கு வருவோம். மருத்துவ ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழு வேண்டும், அதில் மருத்துவரல்லாத பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நல்ல ஏற்பாடுதான். பேச்சுத் துறைகளில் அந்தப் பொதுமனிதர் அங்கே சிகிச்சை பெற்றவராகவோ அவருடைய தாயாகவோ இருக்கட்டும் என்கிறேன். கையெழுத்து மட்டும் போடுபவர் வேண்டாம். கேள்வி கேட்பவர் வேண்டும். திக்கிக் கேட்டாலும் கேட்கட்டும். அத்துறைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவினர் அவர் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணுவதோடு நில்லாமல், “உங்கள் நெறியாள்கையில் நடந்து வெளிவராமல் போன ஆய்வுகள் எத்தனை? ஏன் வரவில்லை?” என்றும் கேட்கட்டும். முதுகலை மாணவர் எழுதும் ஆய்வேடுகள் பட்டம் கிடைத்ததும் அடுக்கில் ஏறி மங்கிப்போவது அயோவாவில் மட்டும் நடக்கும் செயலா? நம் நூலகத்தின் மேல் மாடிக்கு ஒருமுறை போய்வந்தால் போதும். நான் போனேன். தூசியில் மூன்று முறை தும்மினேன். தும்மலில் மட்டும் எனக்குத் திக்கல் இல்லை.

அநாதை விடுதிகளைப் பற்றியும் ஒரு சொல். பெற்றவர் இல்லாத பிள்ளைகளுக்கு விடுதிக் காப்பாளரின் கையொப்பம் போதும் என்ற நிலை இருக்கும்வரை, அவர்களை ஆய்வுக்கு எடுப்பதே வேண்டாம் என்பேன். அறிவியல் சற்று மெதுவாக வளரட்டும், எங்களைப் போல.

சென்ற மாதம் அம்மையாரிடம் இந்தக் கட்டுரையின் கைப்படியைக் காட்டினேன். முழுவதும் படித்தார். ஜான்சனைப் பற்றித் தமக்கு வகுப்பில் சொல்லித் தந்தபோது அவர் கொள்கையைச் சொன்னார்கள், டேவன்போர்ட்டைச் சொல்லவில்லை என்றார். பிறகு, “இதை மேடையில பேசிப் பாருங்களேன் தம்பி” என்றார். ‘அவைத்தலைவர்’ என்னும் சொல்லை வேண்டுமென்றே இருமுறை திக்கித் தொடங்க வேண்டும் என்பது அவர் கொடுத்த பாடம். நான்கு வாரமாகப் பழகிவருகிறேன். அறைத்தோழன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிக்கிறான்.

இவ்வாண்டுச் சொற்போருக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு மட்டும் முதல் மணியை நான்கு நிமிடத்துக்குப் பதிலாக எட்டு நிமிடத்தில் அடிக்க வேண்டும் என்று பேரவைச் செயலாளருக்கு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து ஆறு நாளாகிறது. துணைத் தலைவரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.